காரைக் குனிய வைத்த வரலாறு

கொங்கு நாட்டு வரலாற்றை எழுதியவர்கள் மன்னர்களைப் பற்றி எழுதினார்கள், கல்வெட்டைப் பற்றி எழுதினார்கள், பருத்தியைப் பற்றியும் பம்புசெட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டு, அதற்கு எந்த சைஸ் டயர் போடுவது என்று ராத்தூக்கம் கெட்டுக் கிடக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. மதுக்கரை மார்க்கெட் ரோட்டில் சாயங்காலம் டீ குடிக்கிற நேரம் நின்றால் போதும், தரிசனம் கிடைத்துவிடும். முதலில் சத்தம் வரும், அடுத்து பாட்டு வரும், அதற்கப்புறம்தான் ஸ்விஃப்ட் வரும். வேகத்தடையைக் கண்டதும் கார் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறங்கும். பின்னால் வரும் டவுன் பஸ் டிரைவர் அந்த இடைவெளியில் சொல்வதை அச்சில் ஏற்ற முடியாது.

இதில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. மதுக்கரை சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன ஊர். 1930-களிலிருந்து இங்கே சிமென்ட் ஆலை ஓடுகிறது. பேரன் காரை இறக்குகிறான். தாத்தா காலத்து ஆலை தெருவுக்குத் தெரு வேகத்தடை கட்ட சிமென்ட் தருகிறது. பம்பர் உடைவதற்கான ஏற்பாடு மூன்று தலைமுறையாக நடந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

கதையைப் பழைய காலத்திலிருந்தே எடுக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாலக்காட்டுப் பக்கம் மட்டும் மனசு வந்து வழிவிட்டது. மேற்குக் கடற்கரை மிளகும் காங்கேயம் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல்லும் இந்தக் கணவாயைத் தொட்டுத்தான் போய் வந்தன. பக்கத்து வெள்ளலூரில் ரோமானியக் காசு புதையல் புதையலாகக் கிடைத்தது. பிறகு சோழர் வந்து அந்தப் பாதைக்கு ராசகேசரிப் பெருவழி என்று பெயர் வைத்து, சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்து மலைப்பாறையில் அதை வெட்டியும் வைத்தார்கள். முதலாம் ஆதித்தன் காலம், 9-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பெயரை வெட்டியதோடு நிறுத்திக்கொண்டது சோழர் பெருந்தன்மை. இன்றைக்கு அதே திசையில் நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்கு பைபாஸ் போட்டவர்கள் டோல்கேட்டும் சேர்த்து வைத்தார்கள்.

அந்தப் பெருவழியில் போன வண்டிக்கு எந்த சைஸ் சக்கரம் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் நம் அப்பாரு காலம் வரைக்கும் ஓடிய மரவண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் நிற்கும். ஆடம்பரத்துக்கு இல்லை. சக்கரம் எவ்வளவு பெரிசோ, அவ்வளவுக்குக் குழியில் இறங்காது, மண்ணில் புதையாது, மாட்டுக்கு இழுவை குறையும். நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால், ஆரக்காலைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேலே இரும்புப் பட்டை. உலகத்திலேயே மிகத் தாழ்ந்த ப்ரொஃபைல் டயர் அதுதான், ரப்பரே கிடையாது. சஸ்பென்ஷன் என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால், அது வண்டியோட்டியின் இடுப்பெலும்பு.

பட்டை கட்டுவது ஊரே கூடிப் பார்க்கும் வேலை. கொல்லர் முதலில் வட்டையின் வெளிச் சுற்றளவை அளப்பார். பட்டையை அதைவிடக் கொஞ்சம் குறைத்து வளைத்து ஒட்டுவார். வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, இரும்பு சிவந்து விரிந்ததும் நாலு பேர் இடுக்கி போட்டுத் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, பட்டை சீறிக்கொண்டு சுருங்கி வட்டையைக் கவ்விப் பிடிக்கும். இதில் நம் கதைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கொல்லர் முதலில் அளந்தது வெளிச் சுற்றளவு. பட்டை மினுமினுப்பாக இருக்கிறதா, கருப்பு நல்லதா சில்வர் நல்லதா என்று அவர் கேட்கவில்லை. இந்தச் செய்தி பின்வந்த சந்ததிக்குப் போய்ச் சேரவில்லை.

கொங்கு நாட்டில் முதன்முதலில் லோயரிங் பண்ணியவர் கார்க்காரர் இல்லை, மாட்டுக்காரர். 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் என்ற மாட்டு டாக்டர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். நாற்பத்து மூன்று வருஷம் முன்பே ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. மாட்டு டாக்டர் கண்டுபிடித்த டயர் கடைசியில் மாட்டுக்கே வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. 1936-ல் வங்காளத்தின் சாஹாகஞ்சில் ஆலை போட்ட டன்லப் கம்பெனி மாட்டுவண்டிக்கென்றே டயர் விற்றது. நம் ஊர்க்காரர் புதுசு வாங்குவாரா? மரச்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, இரும்பு அச்சில் தேய்ந்து கழித்த பழைய டயரை மாட்டினார். வண்டித் தட்டு சரேலென்று கீழே வந்தது. மூட்டை ஏற்ற முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டியதில்லை, சாய்ந்து கவிழாது, பாரமும் கூடுதலாகப் போகும். "டயர் வண்டி" என்று ஒரு தனிச் சாதியே உருவாயிற்று. நெஞ்சுயரச் சக்கரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துப் பழகிய கிழவர்கள் மட்டும், வண்டிக்கு இருந்த கம்பீரமே போச்சு என்று திண்ணையில் புலம்பினார்கள். தாழ்த்திய வண்டியைப் பார்த்துப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வது நேற்று வந்த பழக்கம் இல்லை.

ரேக்ளா பந்தயக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். பாரம் ஏற்றுகிற வண்டியே வேண்டாம் என்று முடிவு பண்ணி, அச்சு, சின்னச் சக்கரம், நிற்க ஒரு இடம், இவ்வளவு போதும் என்று சுருக்கினார்கள். பொள்ளாச்சிப் பக்கம் இன்றும் 200 மீட்டர், 300 மீட்டர் என்று காங்கேயம் காளைகள் பறக்கின்றன. எடையைக் குறை, உயரத்தைக் குறை, சக்கரத்தை இலேசாக்கு. கார் பந்தயத்தில் எஞ்சினியர்கள் கோட்டு போட்டுக்கொண்டு சொல்வதும் இதைத்தான். அவர்கள் சாணி மிதிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மோட்டார் வந்தபோது கொங்கு நாடு கைகட்டி நிற்கவில்லை. 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரு பஸ் ஓட்டினார். ஓட்டினார் என்றால் முதலாளியாக மட்டுமில்லை, ஸ்டியரிங்கையும் அவரே பிடித்தார். கம்பெனிக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்வது என்ற பழக்கம் அவரிடம் கிடையாது. எதையும் பிரித்துப் போட்டு, முதலில் செய்தவன் எங்கே தப்பு பண்ணினான் என்று கண்டுபிடிப்பார். கோயமுத்தூர்க்காரன் புது வண்டியை ஷோரூமிலிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விடுகிற வழக்கத்துக்கு நாயுடுவைக் காரணம் சொல்வது நியாயம் இல்லைதான். ஆனாலும் வீட்டில் திட்டு விழும்போது பையன்கள் அவர் பெயரைத்தான் சொல்லித் தப்பிக்கிறார்கள்.

சில பத்தாண்டு கழித்து இங்கிலாந்தில் ஒரு கூத்து நடந்தது. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. சின்னக் கார் செய்யுங்கள் என்று அலெக் இசிகோனிஸ் என்ற மனிதரிடம் சொன்னார்கள். மூன்று மீட்டர் நீளத்தில் நாலு பேரை உட்கார வைக்க வேண்டும்; சக்கரம் இடத்தை அடைக்கக் கூடாது. அதனால் அவர் பத்து இஞ்ச் சக்கரம் கேட்டார். டன்லப் கம்பெனி அந்த சைஸில் கார் டயரைப் புதிதாகச் செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. 1959-ல் மினி வந்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்பு. தரையை ஒட்டி உட்கார்ந்த அந்தக் குட்டிக் கார் 1964-ல் மான்டி கார்லோ ராலியில் பெரிய பெரிய கார்களை எல்லாம் தோற்கடித்தது. ஜெயித்தது பத்து இஞ்ச் சக்கரத்தில் என்பதை இப்போதே மனசில் போட்டு வையுங்கள். நம் தம்பிகள் காதில் அது விழாது.

இந்தியாவுக்கு வருவோம். அம்பாசடர் பதினைந்து இஞ்ச் ரிம்மில் நின்றது. பத்மினி பதினாலு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, பன்னிரண்டு இஞ்ச்! அம்பாசடரில் வளர்ந்த மில் முதலாளிகளும் கமிஷன் மண்டிக்காரர்களும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "சோப்பு டப்பா" என்றார்கள். அடுத்த வாரம் போய் அட்வான்ஸ் கட்டினார்கள்.

அந்த சோப்பு டப்பாவைப் பார்த்து வேறு மாதிரி யோசித்தவர் ஒருவர் இருந்தார். எஸ். கரிவரதன், லட்சுமி மில்ஸ் குடும்பம். மில் வீட்டுப் பிள்ளை நூல் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு லேப் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக்கு வெளியே சோழாவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலம் அது. விஜய் மல்லையாகூட என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து அங்கே ஓட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் அவர் ஓடியது பந்தயத்தில் மட்டும்தான். பணக்காரர்கள் வெளிநாட்டுக் கார் இறக்கி ஓட்ட, மற்றவர்கள் வேலியோரம் நின்று வாய் பார்த்தார்கள். கரிவரதன் மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி. காய்கறி வாங்கப் போகிற எஞ்சின் பந்தயம் போயிற்று. குறைந்த செலவு, கையில் கிடைக்கிற உதிரி பாகம், உடைந்தால் நம் ஊர் லேத்திலேயே சரிபண்ணலாம். இந்தியாவில் ஒரு தலைமுறை அதில்தான் பந்தயம் ஓட்டக் கற்றது. 1995-ல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். மதுக்கரைக்குக் கிழக்கே செட்டிபாளையத்தில் 2003 முதல் ஓடும் பந்தயத் தளம் அவர் பெயரில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே.

பந்தயக் காரைத் தாழ்த்துவதற்குக் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது எடை உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாயும். எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சாய்வு கூடும், உள்பக்க டயர் தரையைச் சரியாகப் பிடிக்காது. மையத்தை இறக்கினால் நாலு டயரும் வேலை செய்யும். அதற்குத் தகுந்த மாதிரி ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவார்கள், ஷாக் அப்சார்பரை மாற்றுவார்கள், சக்கரச் சாய்வைத் திருத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பந்தயத் தளத்தில் வேகத்தடை கிடையாது, மாடு படுத்திருக்காது, தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாத குழி இருக்காது.

இந்தக் காரணம் எல்லாம் ஊருக்குள் வரும் வழியில் எங்கேயோ தொலைந்து, குனிந்த தோற்றம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. 2000-க்குப் பிறகு ஸ்பிரிங் வெட்டுகிற யுகம் பிறந்தது. ஆக்ஸா பிளேடை வைத்து ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கைத் தொய்ய வைத்தார்கள். சூடு பட்டதும் எஃகின் பதம் போய்விடும். அதற்கப்புறம் அது ஸ்பிரிங் இல்லை, சுருட்டி வைத்த கம்பி. வெட்டிய ஸ்பிரிங்கிலும் வம்பு உண்டு. நீளம் குறைந்ததால் குழியில் சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவும். பழைய ஷாக் அப்சார்பருக்கோ ஏறி இறங்க இடம் போதாது, ஒவ்வொரு குழியிலும் முட்டி நிற்கும். கார் ஓட்டுகிறவன் "ஸ்டிஃப்பா இருக்குங்ணா, செம ஹேண்ட்லிங்" என்பான். பின்சீட்டில் இருக்கிற அவன் ஆத்தா ஒன்றும் சொல்லாமல் முருகனைக் கூப்பிடுவார்.

சரி, இறக்கியாயிற்று. இப்போதுதான் சக்கரத்தின் பிரச்சினை. டயர்க் கடையில் நடக்கிற பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"அண்ணா, பதினேழு இஞ்ச் போட்டா நல்லா இருக்குமுங்களா?"

"எதுக்கு நல்லா இருக்கோணும் தம்பி? பாக்கறதுக்கா, ஓட்டறதுக்கா?"

"ரெண்டுக்கும்தானுங்ணா."

"அப்பறம் கணக்குப் போட்டுத்தான் ஆகோணும்."

அந்தக் கணக்கு பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். டயரின் பக்கத்தில் 165/80 R14 என்று இருந்தால், அகலம் 165 மில்லி. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மில்லி. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 264. பதினாலு இஞ்ச் ரிம் என்பது 355.6 மில்லி. கூட்டினால் 619.6. ஸ்விஃப்டின் கீழ் மாடல்களுக்குக் கம்பெனி கொடுத்த டயர் இது. மேல் மாடலுக்குக் கொடுத்தது 185/65 R15. அதையும் போட்டுப் பாருங்கள்: 621.5. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிகூட இல்லை. 195/55 R16 போட்டால் 620.9. தம்பி ஆசைப்பட்ட பதினேழில் 205/45 என்றால் 616.3. ரிம் பெரிசாகப் பெரிசாக ரப்பர் சுவர் ஒடுங்கும். வெளி விட்டம் மட்டும் அசையாது. வரட்டித் தீயில் பட்டை கட்டிய கொல்லர் கேட்டால், இதுக்கு எதுக்குடா இத்தனை நம்பர் என்பார்.

கூத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றால், மலிவாகக் கிடைத்தது என்று கண்ட டயரை மாட்டும்போது. நண்பரின் பெரிய காரிலிருந்து கழற்றிய 205/65 R15 கிடைக்கிறது. விட்டம் 647.5. அதாவது ஒரிஜினலைவிட 28 மில்லி பெரிசு. கார் 14 மில்லி உயரும். ஸ்பிரிங்கை வெட்டி 40 மில்லி இறக்கியவன், டயரை மாட்டி 14 மில்லி ஏற்றிவிட்டான். தரைக்கும் காருக்கும் நடுவே மிஞ்சிய லாபம் 26. ஆனால் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலிருந்த இடத்தில் நாற்பதும் பதினாலும் சேர்ந்து 54 மில்லி காணாமல் போயிற்று. காசு கொடுத்து இறக்கி, காசு கொடுத்து ஏற்றி, கடைசியில் ஃபெண்டரில் டயர் உரசுகிற சத்தத்தை விலைக்கு வாங்குகிற இந்த வியாபாரம் வேறெந்தத் தொழிலிலும் நடக்காது. கொங்கு நாட்டுக்காரன் வியாபாரத்தில் கெட்டி என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும்: முள் 100 காட்டும்போது கார் 104-க்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அபராதச் சீட்டு வரும்போது முள்ளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

நேர் எதிர்க் கட்சியும் உண்டு. அவர்கள் ஸ்பிரிங்கில் கை வைப்பதில்லை. 195/50 R15 மாட்டுவார்கள். விட்டம் 576. கார் 22 மில்லி தானாகவே இறங்கிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே பூனை புகுந்து வெளியே வரும் அளவுக்கு இடைவெளி தெரியும். அதைப் பார்த்துச் சகிக்காமல் அடுத்த மாதமே ஸ்பிரிங்குக்குப் போய்விடுவார்கள். அதோடு 82 என்ற பாரக் குறியீடு அந்த டயரில் இருக்கும். ஒரு டயருக்கு 475 கிலோ. ஒரிஜினல் பதினாலு இஞ்ச் டயரில் 85, அதாவது 515. கம்பெனி எஞ்சினியர் அஞ்சு பேரைக் கணக்குப் பண்ணி வைத்த குறியீடு அது. அவர் கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்குப் போகும் ஸ்விஃப்டைப் பார்த்ததில்லை. அதில் ஏழு பேரும், மாப்பிள்ளை வீட்டுச் சீர்த் தட்டும், மடியில் இரண்டு குழந்தைகளும் போகும்.

ஆஃப்செட் என்பது இன்னொரு சூட்சுமம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லி வெளியே இருக்கிறது என்பது அது. எண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும். ஐந்தரை இஞ்ச் அகல ரிம், ஆஃப்செட் 45, அதைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் அகல ரிம், ஆஃப்செட் 35 போட்டால், வெளி விளிம்பு 29 மில்லி வெளியே வரும். உள் விளிம்பு 9 மில்லி உள்ளே போய் ஷாக் அப்சார்பரைத் தடவும். படம் பிடித்துப் போட்டால் அமர்க்களமாக இருக்கும். ஐந்து பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ரிவர்ஸில் திண்டு ஏறினால்தான் உண்மை தெரியும். பிறகு ஃபெண்டரின் உள் மடிப்பைச் சுருட்டி மடக்குவார்கள், பெயின்ட் வெடிக்கும், மழைக்காலத்தில் அங்கே துரு பிடிக்கும். போல்ட் ஓட்டைகளின் வட்டமும் நடு ஓட்டையும் வேறு பொருந்த வேண்டும். ஸ்விஃப்டுக்கு நாலு போல்ட், 100 மில்லி வட்டம், நடு ஓட்டை 54.1. நடு ஓட்டை பெரிசாக இருக்கிற ரிம்முக்கு வளையம் போடாமல் மாட்டினால் எண்பதுக்கு மேலே ஸ்டியரிங் தாளம் போடும். அலைன்மென்ட், பேலன்ஸிங் என்று நாலு கடை ஏறி இறங்கினாலும் தாளம் நிற்காது.

டயர் தேர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கோயமுத்தூரே உலகத்துக்கு ஒரு சாட்சியை அனுப்பியது. நரேன் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டுநர். பையன் ஓட்டிய முதல் பந்தயமே கரிவரதன் கட்டிய ஃபார்முலா மாருதியில்தான். அதிலேயே மேடை ஏறினார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஜோர்டான் கார் அந்த வருஷம் மற்றவர்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது என்று சொல்வதுதான் மரியாதை.

அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். ஏழு அணிகள் மிஷெலின் டயரில், மூன்று அணிகள் பிரிட்ஜ்ஸ்டோனில். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கர், காரின் இடது பின் டயர் போனதால், சுவரில் மோதினார். அந்தத் தளத்தின் பதின்மூன்றாம் வளைவு ஓவல் பந்தயத்துக்குக் கட்டிய சாய்வான வளைவு. காரின் பாரத்தில் பெரும்பகுதி ஒரு பக்கத்து டயரில் விழும். மிஷெலின்காரர்களே தங்கள் டயர் தாங்காது என்று ஒத்துக்கொண்டார்கள். வளைவுக்கு முன்னால் ஒரு திருப்பம் வைத்து வேகத்தைக் குறையுங்கள் என்று கேட்டார்கள். மதுக்கரைக்காரனாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வேகத்தடை போட்டுக் கொடுத்திருப்பான். நடுவர்கள் மாட்டேன் என்றார்கள். ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் பதினாலு கார்கள் வரிசையாகப் பிட்டுக்குள் போய்விட்டன. மிஞ்சியது ஆறு. கூட்டம் கொதித்துப் போய்த் தளத்தின் மேல் பாட்டில்களை வீசியது. இதற்கெல்லாம் நடுவே ஃபெராரி இரண்டும் முன்னால் போக, ஜோர்டான் அணியின் மான்டெய்ரோ மூன்றாவதாகவும் நரேன் நாலாவதாகவும் வந்தார்கள். ஐந்து புள்ளி. இந்திய ஓட்டுநர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவை மட்டும்தான். சரியான டயரை மாட்டிக்கொண்டு வந்து, கடைசி வரைக்கும் வண்டியைத் தளத்திலேயே வைத்திருந்தார். ஆறு பேர்தானே ஓடினார்கள் என்று நக்கல் அடிப்பவர்கள், அந்த ஆறு பேரில் ஒருவராக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துவிட்டு வரலாம்.

இதில் பெரிய தமாஷ், அன்றைக்கு அந்தக் கார்கள் ஓடியது பதின்மூன்று இஞ்ச் ரிம்மில். மாருதி ஜென்னின் ரிம் சைஸ்! மணிக்கு 300-க்கு மேலே போகிற கார், உலகத்திலேயே விலை உயர்ந்த கார், பதின்மூன்று இஞ்ச் ரிம்மும் அதைச் சுற்றிக் கொழுத்த ரப்பர் சுவருமாகத்தான் 2021 வரைக்கும் ஓடியது. அந்தச் சுவரே பாதி ஸ்பிரிங் வேலையைப் பார்த்தது. 2022-ல் தான் பதினெட்டு இஞ்சுக்கு மாற்றினார்கள். அதுவரை நம் தம்பிகள் ஜென் வைத்திருப்பவனைப் பார்த்து "பதிமூணு இஞ்ச்சா ப்ரோ?" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மதுக்கரையிலிருந்து மேற்கே போனால் எட்டிமடை, அதைத் தாண்டினால் வாளையாறு. தாழ்த்திய காருக்கு அங்கே வேகத்தடையைவிடப் பெரிய தடை நிற்கிறது: கேரள மோட்டார் வாகனத் துறை. மாற்றம் செய்த வண்டியைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கிற ஆர்வத்தை இந்தியாவில் வேறெங்கும் பார்க்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கும் கேரளத்திலிருந்து போனதுதான். அதே வருஷம் திருத்திய சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஸ்பிரிங், துருத்திய சக்கரம், சைலன்சர், கண்ணாடியில் ஒட்டிய கருப்புத் தாள் என்று எண்ண ஆரம்பித்தால், குருவாயூர் போய்ச் சாமி கும்பிட வைத்திருந்த காசு வாளையாற்றிலேயே உண்டியலுக்குப் போய்விடும்.

ஆகவே டயர்க் கடை அண்ணன் கடைசியில் வந்து நிற்பது ஸ்விஃப்டின் மேல் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த சைஸில்தான். 185/65 R15. பிடிமானம் கொஞ்சம் கூடும், ரிம் ஒரு இஞ்ச் பெரிசாகத் தெரியும், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது, எந்த ஊர் அதிகாரிக்கும் பதில் சொல்லலாம். தம்பிக்கு மனசு கேட்பதில்லை.

"சரிங்ணா, பதினஞ்சே போடுங்க. ஆனா ஸ்பிரிங்ல இன்னும் ஒரு சுத்து வெட்டிப்போட்டா கெத்தா இருக்குமுங்களே?"

அண்ணன் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டலாம் தம்பி, அதுக்கென்ன. நாளைக்கு உங்கய்யனையும் அப்பாரையும் கூட்டியாங்க. ரெண்டு பேரும் பின்சீட்டுல உக்காரட்டும், மார்க்கெட் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். வந்து எறங்கினப்பறம் அவுங்களே சொல்லட்டும், எத்தன சுத்து வெட்டறதுன்னு."